ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு முன்னால்

கண்ணு,

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன் என்று பல்லைக் கடிக்காதே. தமிழ்ப் பள்ளியில் நீ படித்தது எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு வரியை முடிக்கவே உனக்கு நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதையெல்லாம் சிக்னலில் நிற்கும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாயே, அந்த மாதிரி தள்ளிவிடக் கூடாத விஷயம் இது. இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால் நான் உன்னிடம் மனுக் கொடுக்க வந்தவள் மாதிரி ஆகிவிடுகிறேன். சாரியும் ப்ளீஸும் தானாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. உன்னைப் பெற்றவளாக நின்று பேச எனக்குத் தமிழில்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெக்சாஸில், ஆலனில் நம் வீட்டுக்கு நான்கு பையன்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாய். அடுத்த வாரம் அந்தப் பையன்கள் உன் காலேஜில் ஃபுட்பால் ஆடக் கையெழுத்துப் போட வேண்டும். "அம்மா, நீ பிரியாணி போடு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். நானும் ஹலால் கடையில் ஆட்டுத் தொடைக்குச் சொல்லி வைத்தாயிற்று. ஆனால் கண்ணு, அந்த டீமை அடுத்த சீசனோடு மூடப்போகிறார்கள். அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது. அவர் ஹாலில் உட்கார்ந்து, விருந்துக்கு மடக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

உன் வேலையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீ நினைக்கலாம். உங்கப்பாவுக்கும் எனக்கும் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம். கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன் மேல் ஒரு கூட்டமே போய் விழுகிற இந்த ஆட்டத்துக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று இன்றைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீ கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு கோச் ஆகப்போகிறேன் என்றபோது, தீபாவளிக்கு நிறுத்திய பேச்சை அவர் பொங்கலுக்குத்தான் ஆரம்பித்தார். நான் மட்டும் என்ன யோக்கியம்? கோயிலில் யாராவது உங்க பையன் என்ன பண்றான் என்று கேட்டால் "காலேஜ்ல இருக்கான்" என்பேன். அசிஸ்டன்ட் புரொஃபசரா என்று அவர்களே கேட்பார்கள். "அசிஸ்டன்ட்தான்" என்று சொல்லி, கோச் என்பதை விழுங்கிவிட்டுப் பிரசாதம் வாங்கப் போய்விடுவேன். டிவியில் தொப்பி போட்டுக்கொண்டு நடுவரைப் பார்த்துக் கத்துகிற ஆள் உங்கள் பையன் ஜாடையிலேயே இருக்கிறாரே என்று ஒரு ஆன்ட்டி கேட்கிறவரைக்கும் அது ஓடியது. உன் வேலைக்கு வெட்கப்பட்டதற்கு நான் வருத்தப்பட்டிருக்கிறேன். இந்த வாரம்தான் முதல்முறையாக, வெட்கப்பட வேறு காரணம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன அக்டோபரில், டீம் தோற்றுத் தோற்று மைதானத்தில் பாதி இருக்கை காலியாகக் கிடந்த நேரத்தில், உன் பெரிய கோச்சை நடு சீசனில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதி ஆட்டங்களுக்கு உன்னைத் தற்காலிகமாக அந்த இடத்தில் வைத்தார்கள். ஒரு ஹெட் கோச்சை எப்படித் தேடுவார்கள் என்று நீதான் எனக்கு எத்தனையோ தடவை கதை கதையாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கென்றே ஒரு கம்பெனி வைப்பார்கள், பெயர்கள் பேப்பரில் கசியும், ஆட்கள் பொண்டாட்டியோடு விமானத்தில் வந்து இறங்குவார்கள், பணம் கொடுக்கிற பழைய மாணவர்கள் ஆளாளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சீசன் முடிந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை, உன்னைக் கூப்பிட்டு நீதான் என்று சொல்லிவிட்டார்கள். நம் கோபிச்செட்டிபாளையம் பக்கம் வரன் பார்க்கும்போது, நகை வேண்டாம், விசாரிக்க வேண்டாம், பெண்ணைக் கொடுத்தால் போதும் என்று ஒரு வீட்டார் அவசரப்பட்டால், பையனுக்கு என்ன கோளாறு என்றுதான் முதலில் பார்ப்போம். அந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நம் பெயர் ஒன்றை ஹெட் கோச் அறைக் கதவில் எழுதி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். உங்கப்பா லட்டு வாங்கிக்கொண்டு போய்க் கோயில் முழுக்க ஒவ்வொருவராகப் பிடித்து "ஹெட் கோச், ஹெட் கோச்" என்று சொல்லிக் கொடுத்தார்.

ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியை அவர் ஒருவர்தான் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், "கான்ட்ராக்ட் எத்தனை வருஷத்துக்குப்பா?" என்றார். "ஒன் இயர், அப்பா. ரின்யூவபிள்" என்றாய். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார். நான் பேச்சை மாற்றினேன். நம் வீட்டுப் பழக்கம் அது. கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். விசாவில் இருந்த காலத்தில் பழகியது. ஆஃபர் வந்த அன்றைக்கே முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் பண்ணுகிற மனிதரைப் பார்த்து வளர்ந்தவன் நீ. உன்னைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

பிறகு அந்த பிரெசிடென்ட் வீட்டு விருந்து. காலேஜ் பிரெசிடென்ட் உன் தோளில் கைபோட்டு ஆட்களுக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தார். என் மருமகள் மேகன் ஆறு மாத வயிற்றோடு நிற்க முடியாமல் நாற்காலி தேடிக்கொண்டிருந்தாள். பிரெசிடென்டின் மனைவி லிண்டா என்னைக் கையைப் பிடித்து மாடி ஜன்னலுக்கு அழைத்துப்போய் ஊரைக் காட்டினார். அதோ லைப்ரரி, அதோ சர்ச் என்று காட்டிக்கொண்டே வந்தவர் உன் ஸ்டேடியம் பக்கம் விரலை நீட்டி, "அங்கேதான் புது நர்ஸிங் ஸ்கூல் வரப்போகிறது, டிராயிங்கைப் பார்த்தேன், அவ்வளவு அழகு" என்றார். ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலா என்று நான் கேட்டேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. கேக் சாப்பிட்டீர்களா என்று கேட்டு என்னைக் கீழே இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாவம், நல்ல மனுஷி. நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார், ஒரு நொடி தவறிவிட்டது.

திரும்பி வரும்போது நீ வண்டி ஓட்டினாய், நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேகனும் உங்கப்பாவும் பின்னால் தூங்கிப்போயிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி லிண்டா சொன்னதைச் சொன்னேன். நீ அதிர்ச்சியாவாய், வண்டியை ஓரம் கட்டுவாய், நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக் கையில் பாட்டிலைக்கூட வைத்திருந்தேன். நீ ரோட்டைப் பார்த்தபடியே "ஐ நோ, அம்மா" என்றாய்.

"எப்பலேர்ந்து?"

"ஃப்ரம் டே ஒன். தே டோல்ட் மீ. நெக்ஸ்ட் சீசன் இஸ் த லாஸ்ட் ஒன்."

"அப்புறம் எதுக்குடா உனக்கு இந்த வேலை?"

"சம்படி ஹாஸ் டு டூ இட், அம்மா. நான் பண்ணா, அட்லீஸ்ட் பசங்களை நல்லா பாத்துப்பேன்."

அதற்கப்புறம் நீயே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். மற்ற காலேஜ்களோடு ஒப்புக்கொண்ட ஆட்டங்களை ஆடித்தான் ஆக வேண்டும். மூடப்போகிறோம் என்று இப்போதே தெரிந்தால் இருக்கிற பையன்கள் போய்விடுவார்கள், பழைய மாணவர்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் எல்லோருக்கும் பிடித்த ஒருவன் வேண்டும், அவன் வாயைத் திறக்கக் கூடாது. புதிதாகவும் ஆள் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் டீமை இறக்கவே முடியாது. ஒரே ஒரு வருஷம், ஹெட் கோச் என்று பெயர் ஒரு தடவை வந்துவிட்டால் அடுத்த இடத்தில் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிரெசிடென்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். மேகனுக்கு பிரசவம் வருகிறது, இன்சூரன்ஸ் வேண்டும். நீ சொன்ன ஒவ்வொன்றும் நியாயம்தான். இதே நியாயங்களை இதே வரிசையில், நம் வீட்டு வாசலில் நின்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சிவக்குமார் அங்கிளை உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லாமல் எப்படிப் போகும்? நாம் நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் இருந்தபோது உங்கப்பாவுக்கு மேனேஜர். சென்னைக்காரர். சனிக்கிழமையானால் வந்துவிடுவார். உனக்கு முதல் ஃபுட்பால் வாங்கிக் கொடுத்தது அவர்தான். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் கார்களுக்கு நடுவே உன்னை ஓடவிட்டுத் தூக்கிப் போடுவார், நீ மார்போடு சேர்த்துப் பிடிப்பாய். உங்கப்பாவுக்கு வேலை முடிந்து வந்தால் முதுகு நிமிராது. அந்த வயதில் உன்னோடு விளையாடிய ஒரே பெரிய மனிதர் அவர். எட்டு வயதில் உன் வாயில் எந்நேரமும் அவர் பெயர்தான். நீ இன்றைக்கு இந்தத் தொழிலில் இருப்பதற்கு விதை போட்டவர் என்று உன் கல்யாணத்தில்கூட மைக்கில் சொன்னாய். நானும் கைதட்டினேன்.

நாங்கள் அப்போது ஒரு டவுன்ஹவுஸ் பார்த்திருந்தோம். கையில் இருந்ததையெல்லாம் அதில் போட வேண்டும். விசாவில் இருக்கிறவர்கள் வீடு வாங்குவது எவ்வளவு பெரிய தைரியம் என்று உனக்குத் தெரியாது. உங்கப்பா ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவரிடம் நேராகவே கேட்டார். "வாங்கலாமா சார்? ப்ராஜெக்ட் ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" அவர் அரிசி பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். "தாராளமா வாங்குங்க. நான் இருக்கிற வரைக்கும் இந்த ப்ராஜெக்ட் ஓடும்" என்றார். "சிஸ்டர், இன்னும் கொஞ்சம் போடுங்க, இந்த மாதிரி எங்க வீட்டுல யாருக்கும் வராது" என்று என்னிடம் தட்டை நீட்டினார். நான் மகிழ்ச்சியாகப் போட்டேன்.

வீட்டுக்குக் குடிபோய்ப் பால் காய்ச்சிய வாசனை போகவில்லை, உங்கப்பாவின் ஆபீஸை மூடினார்கள். சாதம் பிசைந்த அன்றைக்கே அவருக்கு அது தெரியும். அவரே வந்து சொன்னார். உள்ளே வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. அழுதார் கண்ணு, நடிப்பில்லை. "முன்னாடியே சொல்லிருந்தா எல்லாரும் போயிருப்பாங்க சிஸ்டர். கடைசி வரைக்கும் டீமைப் பிடிச்சு வைக்கச் சொன்னாங்க. நான் இல்லாட்டி வேற ஒருத்தன் வந்து இதைவிட மோசமா பண்ணிருப்பான். எனக்கும் குடும்பம் இருக்கு. நானும் வேலைக்காரன்தானே?" என்றார். அந்த நேரம் பார்த்து நீ எனக்குப் பின்னாலிருந்து பந்தோடு ஓடி வந்து "அங்கிள், கேட்ச்!" என்று எறிந்தாய். அவர் பிடித்தார். மெதுவாகத் திருப்பிப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அங்கிள் எப்போ வருவார் என்று நீ பல நாள் கேட்டாய். கலிஃபோர்னியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன். அது உண்மைதான், அதற்கு மேல் சொல்லவில்லை. உனக்குப் பிடித்த ஒருவரை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த வீடு போனதும், விசா முடிவதற்குள் வேறு கம்பெனி பிடிக்க உங்கப்பா தெரியாத ஊர்களில் மோட்டலில் தங்கி அலைந்ததும், கடைசியில் டெக்சாஸில் ஒருவன் கூப்பிட்டு பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டதும் உனக்கு ஓரளவு தெரியும். உனக்குத் தெரியாதது வேறு. உங்கப்பா அதற்கு முன் எவ்வளவு கலகலப்பான மனிதர் தெரியுமா? கல்யாண வீட்டில் அவர் இருக்கிற பந்தியில்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதற்கப்புறம் யார் எதைச் சொன்னாலும், டாக்டர் சொன்னாலும், பக்கத்து வீட்டுக்காரர் குப்பை நாளைக்கு எடுப்பார்கள் என்று சொன்னாலும், நம்பலாமா என்பது போல என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். வேலை போனதைக் கூட அவர் தாங்கிக்கொண்டார். தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் ஏமாற்றினார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கு இன்னும் அதை நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சிவக்குமாரை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மௌரி அவென்யூவில் ஒரு இந்தியன் கடையில். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் கூடை, கூடையில் முருங்கைக்காயும் ஒரு டப்பா தயிரும். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, ஒருவேளை நல்லா இருக்கீங்களா என்று கேட்டிருப்பேன். அவர் கூடையை அரிசி மூட்டை மேல் அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்து போய்விட்டார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை கண்ணு. அதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் கூடையை வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டார், பில் போட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். உன்னைப் பற்றி எனக்கு இருக்கிற பயமும் அதுதான். நீயும் கெட்டவன் இல்லை.

பையன்கள் வேறு காலேஜுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகிக்கொள்ளலாம், இப்போதெல்லாம் அது சுலபம் என்று காரில் சொன்னாய். எச்-ஒன் வேலை விசாவும் ட்ரான்ஸ்ஃபர் ஆகும் என்றுதான் எல்லோரும் உங்கப்பாவுக்குச் சொன்னார்கள். யாராவது எடுத்துக்கொண்டால்தானே ட்ரான்ஸ்ஃபர்? தோற்கிற டீமில் ஒரு வருஷம் ஆடிய பையனை எத்தனை பேர் கூப்பிடுவார்கள் என்று என்னைவிட உனக்குத் தெரியும். இப்போது கையில் இருக்கிற வேறு இடங்களை உனக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் அவர்கள். போன இடம் திரும்பி வராது.

செவ்வாய்க்கிழமை டெனிஸ் எனக்கு போன் பண்ணினாள். விருந்துக்கு வருகிற அம்மாக்களில் ஒருத்தி. கிழக்கு டெக்சாஸில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை, ஒற்றை ஆளாக மகனை வளர்த்திருக்கிறாள். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். ஒன்றும் வேண்டாம், வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வா என்றேன், சிரித்தாள். பேச்சுவாக்கில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் காலேஜில் மகனுக்கு இடம் கிடைத்ததாகவும், உன்னைப் பார்த்த பிறகு அதை விட்டுவிடலாம் என்று இருப்பதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். நீ அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாயாம். மற்ற கோச்கள் எல்லாம் டை கட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசினார்களாம். நீ எழுந்து போய் உன் தட்டைக் கழுவி வைத்தாயாம். "அந்த மாதிரி ஒருத்தர்கிட்ட என் பிள்ளையை விட்டா எனக்குக் கவலை இல்லை" என்றாள். கண்ணு, சாப்பிட்ட தட்டைக் கழுவ உன்னை முதுகில் தட்டித் தட்டிப் பழக்கினவள் நான். அவள் சொன்னதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டிய நேரம் அது.

அவள் விடவில்லை. ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் கேட்கிறேன், நாலு வருஷமும் உங்கள் மகன் அங்கே இருப்பாரா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் பையன் எடுத்த வேலையைப் பாதியில விட்டதே இல்லை" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அவள் "தேங்க் யூ, மேம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எவ்வளவு லேசாக வந்தது! யோசிக்கவே தேவைப்படவில்லை. சிவக்குமாருக்கும் இப்படித்தான் நெய் ஊற்றிப் பிசைந்துகொண்டே வந்திருக்கும். அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தில் ஒரு முறை உண்டு, உனக்கு நான் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் பேச்சு முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். உன் சித்தியைப் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸில் வெகுதூரம் வந்த களைப்போடு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், இலை போட்டு வைத்திருந்தும் உட்கார மறுத்துவிட்டார்கள். பையனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, அதைப் பெண்ணிடமே சொல்லி, அவள் சரி என்றால்தான் சாப்பிடுவோம் என்றார்கள். எனக்கு அப்போது அவர்கள் மேல் எரிச்சல்தான் வந்தது, என்ன வீம்பு என்று. சாதம் ஆறிக்கொண்டிருக்கிறதே என்ற கவலை எனக்கு. இப்போது யோசித்தால் அவர்கள் எவ்வளவு விவரமானவர்கள் என்று தெரிகிறது. ஒரு வீட்டில் வயிறாரச் சாப்பிட்ட பிறகு அந்த வீட்டாரைப் பார்த்து முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வாய் வரக் கூடாது என்பதற்காகத்தானே நீ என்னைப் பிரியாணி போடச் சொல்கிறாய்? கோபப்படாதே, நீ அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் நடக்கப்போவது அதுதான்.

அதனால் கேட்டுக்கொள். அவர்கள் கை நனைக்கும் முன் நீ சொல்லிவிட வேண்டும். மூடப்போகிறார்கள், ஒரு வருஷம்தான், தெரிந்து வருவதானால் வாருங்கள் என்று சொல். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. திங்கட்கிழமை காலை பிரெசிடென்ட் கூப்பிடுவார். கதவில் இருக்கிற பெயரைக் கழற்றுவார்கள். வாக்கு மீறியவன் என்று உன்னை வேறு எந்தக் காலேஜும் கிட்டச் சேர்க்காமல் போகலாம். மேகன் பிரசவத்துக்கு இன்சூரன்ஸ் இருக்காது. நீங்கள் இரண்டு பேரும் இங்கே மாடி அறைக்கு வந்துவிட வேண்டியிருக்கும். உங்கப்பா லட்டு கொடுத்த அதே கோயிலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். இதெல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், சிலது சரியாகாது. நம் வீட்டில் ஒரு தடவை சரியாகவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் ஏமாந்து உட்கார்ந்திருந்தவள் நான். அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டெனிஸை அங்கே உட்கார வைக்க என்னால் முடியாது.

சேர்ந்த பிறகு அந்தப் பையன்களை நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்கிறாய். பார்த்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிபட்டால் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் படுத்துக்கொள்வாய், பரீட்சைக்கு எழுப்பிவிடுவாய். அவர்கள் உன் மேல் உயிரையே வைப்பார்கள். அப்புறம் அடுத்த டிசம்பரில் ஒரு நாள் எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்து நீ சொல்ல வேண்டியிருக்கும். அந்த அறையில் உன்னை நான் நினைத்துப் பார்க்கிறேன் கண்ணு. நீ அழுவாய், நிஜமாகவே அழுவாய். அது எதற்கும் உதவாது.

உங்கப்பாவிடம் நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை. நீயே சொல்ல வேண்டியது அது. அவரைப் பார்த்து பயப்படாதே. உன் மேல் கத்துவார், ஒருவேளை பொங்கல் வரைக்கும் பேசாமலும் இருப்பார். ஆனால் மறைத்தாய் என்று பின்னால் தெரிந்தால், இனி உன் பேச்சைக் கேட்டாலும் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு உன்னையும் சேர்த்துவிட்டு நான் எப்படி இந்த வீட்டில் இருப்பேன், சொல்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்கள். நீ பதினொரு மணிக்கே வந்துவிடு. அரிசி ஊறியிருக்கும், கறி மசாலாவில் கிடக்கும், ஆனால் நான் அடுப்பைப் பற்ற வைத்திருக்க மாட்டேன். நீ பேசி முடித்த பிறகு, இருக்கிறவர்களுக்குச் சமைக்கிறேன். எழுந்து போகிறவர்களை வண்டிவரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வருகிறேன். நீ வரவில்லை என்றாலும், வந்து வாயைத் திறக்கவில்லை என்றாலும், வாசல் கதவைத் திறக்கப்போகிறவள் நான்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நின்ற இடத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

அம்மா